பங்களா அலுமாரியும் லயத்துப் பெட்டியும்

ஈழத்துத் தமிழர் தம் இல்லங்களிலே நாடோறும் வழங்கும் தளபாடப் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒருண்மை எளிதிற் புலனாகும். மேசை, கதிரை, அலுமாரி என்னும் மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். மேசையினின்றும் இழுத்துத் திறக்கும் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. தமிழகத்தார் பீரோ என வழங்குவது பிரெஞ்சு மொழிச் சொல். இவற்றின் வருகைக்கு முன்னர்ப் பொருளை வைத்துப் பேணுங் கருவிகள் தமிழரிடம் இல்லாமலில்லை. பெட்டகம் இருந்தது, பத்தாயம் இருந்தது, உறியும் பரணும் கடகமும் இருந்தன. ஆயின், சுவரோரமாக நிமிர்ந்து நின்று, கதவைத் திறந்தால் தட்டுத் தட்டாகப் பொருளை அடுக்கிக் காட்டி, மூடினாற் பூட்டிக்கொள்ளும் மரத்தளபாடம் மேற்றிசையாரோடு வந்தது என்பதனை அதன் பெயரே உரைக்கின்றது.

பொருளை வைப்பதற்கென ஒரு தளபாடத்தை அமைக்குமுன், வைக்க வேண்டிய பொருள் யாது, எத்துணை, யாருடையது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்திருத்தல் வேண்டும். நெல்லுக்குச் செய்த பத்தாயம் சேலைக்கு ஆகாது; சேலைக்குச் செய்த அலுமாரி பீங்கானுக்கு ஆகாது. ஆதலின், ஒரு வீட்டிலே நிற்கும் அலுமாரி அவ்வீட்டாரின் உடைமைகளை யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்தமைக்குச் சான்றாகும். இவ்வினாக்களைக் கையிற்கொண்டு அட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை நோக்கினால், ஒரே மலைச்சரிவிலே நிற்கும் துரை பங்களாவும் தொழிலாளர் லயமும் இரண்டு வேறு விடைகளைத் தருகின்றன.

காப்பிக் காலத்துத் துரைமார் முதன்முதலிற் குடியிருந்தவை மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் உடைய குடிசைகளே. தளபாடங்களைக் கொழும்பிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி மலைமேற் கொணர்தல் நாட்கணக்கான வேலை. பணச் செலவும் மிகுதி. எனவே சாமான் வந்த பெட்டியே மேசையாகவும் இருக்கையாகவும் அலுமாரியாகவும் பயன்பட்டது. இச்செய்தி பின்னர் வேண்டப்படும் ஆதலின் நினைவிற் கொள்க. 1867இல் கொழும்பிலிருந்து கண்டி வரைக்கும் புகையிரதப் பாதை அமைந்தது. அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை வாணிகப் பயிராக நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. பாதையும் மேலேறியது. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் புகையிரதம் எட்டிற்று. அதன் பின்னரே கனத்த மரத்தளபாடங்கள் மலைநாட்டுப் பங்களாக்களிற் பெருகலாயின.

அத்தளபாடங்களுட் பல மொறட்டுவைத் தச்சர் கைவண்ணம். கரையோரத் தச்சர் ஒல்லாந்தர் காலந்தொட்டே மேனாட்டு வடிவங்களைக் கருங்காலியிலும் முதிரையிலும் பலாவிலும் செய்து பழகியவர்கள். ஆங்கிலேயர் தம் நாட்டுப் படப்புத்தகத்தைக் காட்டினால், அதனை அளந்து நம் நாட்டு மரத்தில் ஆக்கித் தருவதில் அவர்க்கு இடர்ப்பாடு இருக்கவில்லை. உணவறையில் நின்ற சைட்போட் அவ்வகையது. சுவரின் நீளத்துக்கு நீண்டு, நடுவிலே லாச்சிகளும் இருமருங்கும் கதவிட்ட அறைகளும் அமைந்து, மேற்றட்டிலே உணவு பரிமாறுவதற்கு இடந்தந்து நிற்பது அது. இங்கிலாந்திலே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வடிவம் நிலைபெற்றது. வெள்ளிக் கரண்டிகள் ஒரு லாச்சியில், மேசைவிரிப்புகள் ஒரு லாச்சியில், மதுப்போத்தல்கள் பூட்டிய அறையில் என ஒவ்வொன்றற்கும் இடம் வகுக்கப்பட்டிருந்தது. திறப்பு துரையிடமோ துரைசாணியிடமோ இருக்கும். எண்ணிக்கை பங்களா அப்புவின் தலைமேல் இருக்கும். ஒரு கரண்டி குறைந்தால் அதற்கு விடை சொல்லவேண்டியவன் அப்புவே. பொருளுக்கு இடம் வகுத்தமை ஆளுக்கும் இடம் வகுத்தமையாயிற்று.

மலைநாட்டுக் குளிரும் மூடுபனியும் இத்தளபாடங்களைச் சும்மா விடவில்லை. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலும், தென்மேற்குப் பருவமழையை நேரே மார்பில் ஏற்கும் மஸ்கெலியா, நோர்வூட் பகுதிகளிலும் பலகை ஈரத்தை உண்டு பருக்கும், லாச்சி இறுகிவிடும், அலுமாரியுள் வைத்த சப்பாத்திலும் புத்தக அட்டையிலும் பூஞ்சணம் படியும். இவ்விடர்களுக்கு ஈடுகொடுத்து நிற்கும் அலுமாரியைச் செய்தவன் மரத்தின் இயல்பறிந்த தச்சன் என்பதில் ஐயமில்லை.

இனி, கம்பனித் தோட்டங்களிலே பங்களாவின் தளபாடம் பெரும்பாலும் துரையின் சொத்தன்று, தோட்டத்தின் சொத்து. ஒரு துரை மாறி மற்றொரு துரை வருங்கால், இன்ன அறையில் இன்ன அலுமாரி என்று பட்டியல் பார்த்துக் கையளிப்பது வழக்கம். ஆகவே, பங்களாவிலே வைக்கப்படும் பொருளும் எண்ணப்பட்டது. வைக்கும் அலுமாரியும் எண்ணப்பட்டது.

தோட்டத்தில் எண்ணப்பட்ட மற்றொரு மரத்தளவாடம் தேயிலைப் பெட்டி. 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதல் இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தலே எனக் கூறுவர். பத்தாண்டு, இருபதாண்டுகளுள் அது கோடிக்கணக்கான இறாத்தலாகப் பெருகியபோது, அத்துணைத் தேயிலையையும் ஈரம் படாமற் கடல்கடந்து அனுப்புவதற்குப் பெட்டிகள் வேண்டியிருந்தன. உள்நாட்டு மரம் போதாமையால் யப்பானிலிருந்து மோமி என்னும் மரப்பலகைகள் தருவிக்கப்பட்டன. அவற்றுக்குப் பின் வந்தது ஒட்டுப்பலகை. பால்டிக் கடலோரத்து எஸ்தோனிய நாட்டின் தலைநகரில் லூதர் என்னும் குடும்பத்தாரின் தொழிற்சாலை, மெல்லிய மரத்தகடுகளை நார் குறுக்காக ஒட்டி, பாரமற்றதும் வெடியாததுமான பலகையைச் செய்தது. அதனை விற்பதற்காக 1897இல் இலண்டனில் வெனெஸ்டா என்னும் கம்பனி நிறுவப்பட்டது. பலகைத் தகட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் எஸ்தோனியா என்னும் நாட்டுப் பெயரும் கலந்து அப்பெயர் ஆயிற்று. பலகைகள் கட்டாகக் கப்பலில் வந்து, தோட்டத்து ஆலையிலே பெட்டியாகப் பூட்டப்பட்டன. ஓரங்களுக்குத் தகரப்பட்டை, உள்ளே உலோகத்தாள், வெளியே தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், மொத்த நிறை, பெட்டி நிறை, தேயிலை நிறை என்பன கறுப்பு மையிற் பொறிக்கப்பட்டன. பெரும் பெட்டியொன்று ஏறத்தாழ 100 இறாத்தல் கொள்ளும்.

இப்பலகைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1907ஆம் ஆண்டு தென்முனைக்குப் புறப்பட்ட சாக்கிள்டன் குழுவினர் தம் உணவுப் பொருள்களை வெனெஸ்டாப் பெட்டிகளிற் கொண்டு சென்றனர். பனியிடையே அமைத்த குடிலில் அப்பெட்டிகளே அவர்க்குத் தட்டும் அலுமாரியும் ஆயின. அங்கேயே அச்சிட்ட நூலொன்றுக்கும் அப்பலகையே அட்டையாயிற்று. நாகரிக உலகம் இதனை மனிதனின் மதிநுட்பத்துக்கு எடுத்துக்காட்டாக இன்றும் போற்றுகின்றது. லயத்துக் காம்பராவிலே அதே வகைப் பெட்டியை அதே வகையிற் பயன்படுத்திய தொழிலாளியின் செயலை, அக்காலத்து அறிக்கை எழுதியோர் அவ்வாறு போற்றியதாகத் தெரியவில்லை!

வெனெஸ்டாக் கம்பனியிற் பணியாற்றிய ஜாக் பிரிச்சார்ட் என்னும் ஆங்கிலேயர், பெட்டிக்கு உதவும் பலகை வீட்டுத் தளபாடத்துக்கும் ஏன் உதவாது என எண்ணினார். 1930இல் அக்கம்பனியின் கண்காட்சிக் கூடமொன்றை வரைந்து தந்தவர் லெ கொர்புசியே என்னும் புகழ்மிக்க கட்டடக் கலைஞர். பிரிச்சார்ட் பின்னர் ஐசோகொன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1936 அளவில் மார்செல் பிராயர் அதற்கென அமைத்த நீண்ட சாய்கதிரை எஸ்தோனிய ஒட்டுப்பலகையிலே ஆனது. சுருங்கக் கூறின், நம் தேயிலையைச் சுமந்த பலகை, ஐரோப்பாவிலே நவீனத் தளபாடம் என்னும் இயக்கத்துக்கு ஒரு தொட்டில் ஆயிற்று.

அவ்வியக்கம் மிக நிறைவாக மலர்ந்த நாடு டென்மார்க்கு. அந்நாட்டுத் தச்சர் சங்கத்தார் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கொப்பன்கேகன் நகரிலே நடாத்திய கண்காட்சிகள், கலைஞனையும் தச்சனையும் ஒரு மேசையில் இருத்தின. இரண்டாம் உலகப் போரின் பின் அந்நாட்டார் பெரிதும் விரும்பிய மரம் தென்கிழக்காசியாவிலிருந்து சென்ற தேக்கு. தேக்கு என்னும் திராவிடச் சொல்லே போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து ஆங்கிலத்துக்குச் சென்று, டேனிய மொழியையும் அடைந்தது. அலுமாரி என்னும் சொல்லை நாம் கடன்கொண்டோமாயின், அவ்வலுமாரியைச் செய்யும் மரத்தின் பெயரை அவர் நம்மிடத்துக் கடன்கொண்டனர். 1950களிலும் 60களிலும் அங்கே செய்யப்பட்ட நீண்ட தாழ்ந்த சைட்போட்டுகள், வழுக்கிச் செல்லும் கதவுகளும் பிடி வெளித்தெரியாத லாச்சிகளும் உடையனவாய், இன்று உலகெங்கணும் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன.

ஆயின் அவற்றின் மெருகினும் பார்க்க, அவை பிறந்த முறையே ஈண்டு நோக்கற்பாலது. 1924இல் அரச கலைக்கழகத்திலே தளபாடக் கலையைக் கற்பிக்கத் தொடங்கிய காரெ கிளின்ட் என்பவர், தம் மாணாக்கரை முதலில் வரையச் சொல்லவில்லை; அளக்கச் சொன்னார். பீங்கான் எவ்வளவு அகலம், கண்ணாடிக் குவளை எவ்வளவு உயரம், மடித்த சட்டை எவ்வளவு இடங்கொள்ளும் என அளந்து, அவ்வளவுகளின்மேல் அலுமாரியை எழுப்பினார். அவர் மாணாக்கர் பேர்ய மோகென்சன் 1942 முதல் 1950 வரை டேனியக் கூட்டுறவு ஒன்றியத்தின் தளபாடப் பகுதிக்குத் தலைவராய் இருந்து, சாதாரண தொழிலாளர் குடும்பங்கள் வாங்கத்தக்க விலையில் நல்ல தளபாடங்களைச் செய்வித்தார். 1950களின் நடுப்பகுதியிலே கிரேத்த மேயர் அம்மையாரோடு சேர்ந்து, ஒரு குடும்பத்துக்கு எத்தனை சட்டை, எத்தனை படுக்கைவிரிப்பு, எத்தனை கரண்டி எனக் கணக்கெடுத்து, அக்கணக்குக்குப் பொருந்தும் சுவர் அலுமாரித் தொகுதியொன்றையும் வகுத்தார். தொழிலாளியின் சட்டையை எண்ணுதல் ஒரு கலைஞனின் கடமை என அந்நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அந்நாட்டுக் காற்று மலைநாட்டிலும் சிறிது வீசியதுண்டு. 1958இல் உல்ரிக் பிளெஸ்னர் என்னும் இளம் டேனியக் கட்டடக் கலைஞர், மினெற் டி சில்வா அம்மையாரின் அழைப்பின்பேரிற் கண்டிக்கு வந்தார். பின்னர் ஜெப்ரி பாவாவுடன் இணைந்து 1967 வரை இலங்கையிலே பணியாற்றினார். மஸ்கெலியாப் பக்கத்து அப்கொட்டிலுள்ள ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்துப் பங்களாவும் பாவாவின் ஆக்கங்களுள் ஒன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி சுருங்கிய அந்நாட்களிலே, உள்நாட்டு மரத்தையும் உள்நாட்டுத் தச்சரையுங் கொண்டே தளபாடங்களும் ஆக்கப்பட்டன. வீடு கட்டுபவனே அவ்வீட்டின் அலுமாரியையும் சிந்திக்க வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு ஈழத்தில் வேரூன்றிற்று. ஆனால் அது பங்களாவுக்கு அப்பால் இறங்கி லயத்தை எட்டவில்லை.

லயத்தைக் கட்டியோர் எண்ணியது தலைகளையே. பத்தடிக்குப் பன்னிரண்டடி என வழங்கும் ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, அவ்வளவே வீடு. காம்பராவும் இஸ்தோப்பும்கூட முறையே போர்த்துக்கேயச் சொல்லும் ஒல்லாந்தச் சொல்லுமாம். பத்துக் காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாகவோ, முதுகோடு முதுகு ஒட்டி இருமடங்காகவோ நின்றன. அடுப்பும் படுக்கையும் ஒன்றாய் அமைந்த அவ்வறையிலே பொருளை வைப்பதற்கென ஓர் இடம் வரைபடத்திலே காட்டப்பட்டிருக்கவில்லை. இவர்க்கு வைப்பதற்கு என்ன உண்டு என்பதே வரைந்தவரின் எண்ணம் போலும். பல பரம்பரை தேயிலை பறித்து, பொங்கலும் தீபாவளியும் கொண்டாடி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி அவ்வெண்ணம் கொள்ளப்பட்டது என்பதை மறத்தலாகாது.

அலுமாரி தரப்படாத அவ்வறையிலே அலுமாரியின் பணி அனைத்தும் நடந்தேறியது. உடைக்கு மூலையிலிருந்து மூலைக்குக் கட்டிய கொடி; விறகுக்கும் பண்டத்துக்கும் பரண்; விளக்குக்கு மாடம்; எஞ்சியவற்றுக்கெல்லாம் பெட்டி. கழித்துவிடப்பட்ட தேயிலைப் பெட்டி நிமிர்த்தி வைத்தால் ஏனம் அடுக்கும் தட்டு. மல்லாத்தி வைத்தால் அரிசிப் பெட்டி. கவிழ்த்து வைத்தாற் பிள்ளை இருந்து எழுதும் மேசை. தோட்டத்திற் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்ட காலத்திலே, அவ்வரிசியை எலியினின்றும் ஈரத்தினின்றும் காப்பதற்கு உலோகத்தாள் ஒட்டிய பெட்டியினுஞ் சிறந்த கலன் வேறில்லை. பெட்டி முற்றாக உடைந்தால் அதன் பலகை அறையைப் பிரிக்கும் மறைப்பாயிற்று. இதனை வறுமையின் அடையாளம் என்று மட்டுங் கூறி அமைதல் போதாது. பொருளை அளந்து அதற்கு இடம் அமைக்கும் அறிவு, கொப்பன்கேகன் கலைக்கழகத்தில் மாத்திரம் இருந்ததன்று. அதனை லயத்துப் பெண்கள் ஆசிரியரின்றியே அறிந்திருந்தனர்.

தேயிலைப் பெட்டிக்கு அருகே, பெரும்பாலும் படுக்கையின் தலைமாட்டில், பூட்டுடைய மற்றொரு பெட்டி இருந்தது. அது தகரத்தாலான டிரங்குப் பெட்டி. மன்னார்க் காட்டுவழியே கால்நடையாக வந்த முதற்றலைமுறையினர் மூட்டையோடு வந்தனர். 1914இல் தலைமன்னார்க் கப்பற்றொடர்பும் புகையிரதமும் இணைந்தபின் பெட்டியோடு வருதல் எளிதாயிற்று. அதனுள்ளே இருந்தவை கூறைச்சேலை, சிறிது நகை, ஊர்க் கடிதங்கள் ஆகியன. அதனுள் இல்லாதவையே வரலாற்றுக்கு முதன்மையானவை. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிய துண்டு, 1921இல் ஒழிக்கப்படும்வரை கங்காணியின் கையில் இருந்தது. தொழிலாளியின் பெட்டியில் இருக்கவில்லை. அவன் வேலைசெய்த நாட்களைக் காட்டும் செக்றோலும், அவன் பிள்ளைகளின் பிறப்புப் பற்றிய பதிவும் தோட்டத்துக் காரியாலயத்து அலுமாரியில் இருந்தன. அவனுடைய வாழ்வின் சான்று, அவன் திறப்பு வைத்திராத அலுமாரியொன்றிற் பூட்டிக் கிடந்தது.

இதன் பயன் 1949இல் வெளிப்பட்டது. முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலார் குடியுரிமை இழந்திருந்தனர். 1949ஆம் ஆண்டின் இந்தியர் பாகிஸ்தானியர் வதிவுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததைச் சான்றுகாட்டி நிறுவினாற் குடியுரிமை தரலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. சட்டம் கேட்டது தாளை. தேயிலை பறித்த கையையோ, நாட்டிய செடியையோ, அம்மலையிலே புதைத்த தாய்தந்தையரையோ அது கேட்கவில்லை. அரிசியையும் சேலையையும் பேணிய பெட்டியைத் திறந்து, எவரும் கொடுத்திராத தாளை அதிலே தேடும்படி அவர்கள் ஏவப்பட்டனர். 1964 அளவிற் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அவ்வாண்டு ஒற்றோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சிய 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. மீந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. தலைகளை எண்ணும் பழைய வழக்கம் அங்கும் மாறவில்லை. பெட்டியும் மூட்டையுமாகத் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களை அடைந்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையும் நீடித்தது.

பங்களாவும் தேயிலைப் பெட்டியும் மாறாதிருக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தாற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அட்டன், பொகவந்தலாவைப் பகுதியிற் பழைய பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாகின. பழைய பங்களா வாழ்வைத் தேடி வருவோர்க்கு அக்காலத்து அலுமாரியும் சைட்போட்டும் மீண்டும் மெருகிட்டு வைக்கத்தக்க பொருளாயின.

தேயிலைப் பெட்டியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பலகை தடைப்படவே, காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் ஒட்டுப்பலகை ஆலை தொடங்கப்பட்டது. பின்னர்க் கொஸ்கம ஆலைக்காகச் சிங்கராசக் காட்டிலே 1972இல் மரம் வெட்டத் தொடங்கினர். மக்கள் எதிர்ப்பால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட அக்காடு, ஓரளவு தேயிலைப் பெட்டியின் வாயிலிருந்து மீட்கப்பட்டதாகும். நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளிற் பல அடுக்குக் காகிதப் பைகள் வந்து பெட்டியின் இடத்தைப் பிடித்தன. லயத்திலும் பழைய பெட்டியின் இடத்தை இரும்பு அலுமாரியும் பிளாத்திக்குத் தட்டுகளும் கொண்டன. காம்பரா மட்டும் பல தோட்டங்களில் அதே பத்தடிக்குப் பன்னிரண்டடியாக நின்றது.

கண்டி ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை நூதனசாலையிலே ஆலை இயந்திரங்களும் ஜேம்ஸ் டெயிலரை நினைவூட்டும் பொருள்களும் காணலாம். 2007இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலே தொழிலாளருக்கென மற்றொரு நூதனசாலை அமைந்தது. அதற்கெனப் புதிய கட்டடம் எழுப்பப்படவில்லை. பழைய லயம் ஒன்றே திருத்தி அமைக்கப்பட்டது. தொழிலாளர் புழங்கிய வீட்டுப் பொருள்களோடு அவர்களைப் பற்றிய ஆவணங்களும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன. முன்னாளிற் காரியாலய அலுமாரிக்குள் இருந்த வகைத் தாள்கள் இப்பொழுது இருப்பது லயத்துக் காம்பராவிலே.